ஓவனுக்குப் போகாத போல்ட்

"ஓவனெல்லாம் வேண்டாம். முலாம் பூசியாச்சுல்ல? அப்படியே லாரியில ஏத்துய்யா!"

முலாம் பட்டறை முதலாளி சொன்னதும் மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"சார், தொட்டியில முக்கும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள்ள புகுந்துடும். ஓவன்ல மணிக்கணக்கா சூடு காட்டினாத்தான் வெளியே போகும். இல்லேன்னா உள்ளுக்குள்ளேயே நகர்ந்து, இழுவை அதிகமா இருக்கிற இடத்துல போய்ச் சேரும். ஒருநாள் போல்ட் பட்டுனு ஒடியும். இது ராட்டினத்துக்குப் போற போல்ட் சார்."

"புகுந்ததை நீ கண்ணால பாத்தியா? கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் கரண்டைக் கொட்டி அழ நான் என்ன இளிச்சவாயனா?"

மேனேஜர் லாரிப் பக்கம் நடந்தார். ஆனால் லாரி மறுநாள் காலையில்தான் கிளம்பியது. பஞ்சராம். ஒரு லாரியை அனுப்பத் துப்பில்லையே என்று முதலாளி அவரை வறுத்தெடுத்துவிட்டார்.

ராட்டினம் எழும்பியது. திறப்பு நாளன்று குடும்பத்தோடு ஏறச் சொல்லி முதலாளிக்கு டிக்கெட் வந்தது. அதை அப்படியே தன் கார் டிரைவரிடம் நீட்டினார்.

"நீ வீட்டோட போய்ட்டு வாப்பா. தொழிலாளி சந்தோஷம்தான் என் சந்தோஷம்."

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திறப்பு நாள் சாயங்காலம் முதலாளியின் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, நம்ம டிரைவர் தங்கமான மனுஷன். ஐயா டிக்கெட்ல நான் ஏறலாமான்னு, பேத்தியையும் என்னையும் ஏத்திவிட்டுட்டாரு. இப்ப உச்சியில இருக்கோம்!"

"இறங்கு! உடனே இறங்கு!" என்று அலறினார் முதலாளி. உச்சியில் இருப்பவள் எங்கே இறங்குவாள்?

மேனேஜரின் அறைக்கு ஓடினார்.

"ராட்டினத்தை நிறுத்தச் சொல்லுய்யா! அந்த போல்ட்... என் பேத்தி மேலே இருக்காய்யா!" அழுதேவிட்டார்.

மேனேஜர் அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பயப்படாதீங்க சார். அன்னிக்கு லாரி பஞ்சரே ஆகலை. நான்தான் நிறுத்திவச்சு, ராத்திரி பூரா எல்லா போல்ட்டையும் ஓவன்ல போட்டு எடுத்து அனுப்பினேன். ஒண்ணும் ஆகாது."

முதலாளி அவர் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுபடி போன். "தாத்தா, இறங்கிட்டோம்!" பேத்தி சிரித்தாள்.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது சரி... யாரைக் கேட்டுய்யா ராத்திரி பூரா ஓவனைப் போட்டே?"