சும்மா இருந்தால் தொண்ணூறு டிகிரி

"ஒண்ணுமே செய்யாத லேப்டாப் எதுக்குங்க இந்தக் கத்து கத்துது?"

திருத்திக்கொண்டிருந்த தாள்களை மேஜையில் போட்டுவிட்டுக் கணவனை முறைத்தாள்.

பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. கட்டட வரைபடம் போடுவது அவன் வேலை. இரண்டும் நடப்பது ஒரே முன்னறையில். அதனால் வேலை நேரத்தில் டிவி கிடையாது, பாட்டு கிடையாது என்பது அவள் போட்ட சட்டம்.

"கத்துதா? எனக்குக் கேக்கலையே."

"தெருக்கோடி வரைக்கும் கேக்குது! ஒரு ஃபைல்கூடத் திறந்து வைக்கல. சூடு எவ்வளவு காட்டுது பாருங்க. தொண்ணூறு டிகிரி!"

"சிலது சும்மா இருந்தாலே சூடாயிடும். உன்னை மாதிரி."

பதிலுக்கு அவள் வாயைத் திறப்பதற்குள், அவன் நாற்காலியை ஒட்டியிருந்த குளியலறைக் கதவு திறந்தது. அவளுடைய அப்பா வயிற்றைப் பிடித்தபடி மெல்ல வெளியே வந்தார்.

"விடும்மா. மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் போல" என்று சொல்லிக்கொண்டே உள்ளறைக்குப் போனார்.

குடலில் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டுக்கு வந்தவர். வந்த புதிதில், "நான் என் வீட்டுக்கே போயிடறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். தனியாக விடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏன் போகணும் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நல்லவேளையாக, இப்போது கொஞ்ச நாளாய் அந்தப் பேச்சு இல்லை.

ஆனால் இந்த லேப்டாப்!

அப்பா உள்ளறையிலிருந்து தலை நீட்டினால் போதும், இரைய ஆரம்பிக்கிறது. அவர் திரும்பிப் போனதும் அடங்கிவிடுகிறது. முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க அவன் கிளம்பிப் போன அன்று, நாத்தனாரை வரவழைத்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

நாத்தனார் லேப்டாப்பைக் கழற்றிப் பார்த்தாள். ஊதிப் பார்த்தாள். மறுபடி மூடி, ஓடவிட்டுப் பார்த்தாள்.

"அண்ணி, உள்ளே தூசிகூட இல்ல. சும்மா இருந்தா நாப்பது டிகிரிதான் காட்டுது. பச்சைப்புள்ள மாதிரி தூங்குது."

"அப்புறம் ஏன் பேய் மாதிரி அலறுது?"

"அண்ணன் ஒரு புரோகிராம் போட்டு வச்சிருக்கான். மெஷின் எவ்வளவு சூடு தாங்கும்னு சோதிச்சுப் பாக்குறதுக்கானது. ஒரு பட்டனைத் தட்டினா ஓடும். உருப்படியா ஒரு வேலையும் செய்யாது. வெறுமனே சூடேத்தும், ஃபேன் அலறும்."

"அதை எதுக்கு அவர் தினமும் ஓட்டணும்?"

"எனக்கென்ன தெரியும்? கட்டிக்கிட்டது நீங்க!"

நாத்தனார் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போ, வேணுமென்றே செய்கிறாரா?

"அதை எடுத்துடு."

"அண்ணன் கேட்டா?"

"கேக்கட்டும். அதுக்குத்தான் காத்திருக்கேன்."

சாயங்காலம் அவன் வந்து உட்கார்ந்தான். உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அவன் விரல் ஒரு பட்டனைத் தட்டியது. சத்தமில்லை. மறுபடி தட்டினான். திருதிருவென விழித்தான்.

"தேடாதீங்க. உங்க தங்கச்சி எடுத்துட்டா."

"எடுத்துட்டாளா? ஐயோ, ஏன்?"

"எங்கப்பா இங்க இருக்கிறது பிடிக்கலேன்னா நேரா சொல்லியிருக்கலாமே. மெஷினை விட்டா விரட்டுவீங்க? நாளைக்கே நான் அவரைக் கூட்டிக்கிட்டுப் போறேன். நானும் அங்கேயே இருந்துக்கிறேன்."

"மெதுவா பேசு, ப்ளீஸ்..."

"ஏன் மெதுவா பேசணும்?"

அதற்குள் அப்பா வந்துவிட்டார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். முன்னறை நிசப்தமானது.

அப்பா குளியலறை வாசல்வரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். மாப்பிள்ளையின் நாற்காலியைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். வந்த வழியே திரும்பினார்.

"என்னப்பா, போகலையா?"

"அப்புறமா போறேம்மா."

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அப்புறமா என்ன அப்புறமா?"

அப்பா தரையைப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. அவளுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் வயிறு என் பேச்சைக் கேக்குறதில்லம்மா. கண்டபடி சத்தம் போடுது. மாப்பிள்ளை அந்தக் கதவை ஒட்டி உக்காந்திருக்காரு... அவர் மெஷின் இரையட்டும், அப்புறம் போய்க்கிறேன்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் சட்டென்று எழுந்து சமையலறைக்கு ஓடினான். அடுத்த நொடி மிக்ஸி வீடே அதிர அலறியது. அப்பா அவசரமாக உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்.

அவள் சமையலறைக்கு வந்தாள். மிக்ஸி ஜாரில் ஒன்றுமே இல்லை. காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" மிக்ஸி சத்தத்தை மீறிக் கேட்டாள்.

"சொன்னா நீ போய் அவர்கிட்டயே, 'என்கிட்ட என்னப்பா வெட்கம்'னு கேட்டிருப்பே. அன்னைக்கே பெட்டியைத் தூக்கியிருப்பாரு."

கேட்டிருப்பாள்தான்.

லேசாகக் கருகல் வாசனை வந்தது.

"மோட்டார் சூடாகுது" என்று அவன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆகட்டும். அப்பா வெளியே வர்ற வரைக்கும் ஓடட்டும்."