குலுக்கலில் வராத பெயர்

"உனக்கு இன்னும் வரலையா?" என்று கேட்டார் கைட்டு, தண்ணீர்க் குழாயைத் தன் வீட்டுத் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டே.

"வரலை," என்றான் பெனியேலி. லாரியின் வால்வைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

ஃபுனாஃபுட்டித் தீவில் குடிதண்ணீர் லாரி ஓட்டுகிறவன் அவன். அன்று காலையில் அது ஒன்பதாவது வீடு. ஒன்பது வீட்டிலும் இதே கேள்விதான். ஆஸ்திரேலியா குலுக்கலின் முடிவு ஒவ்வொருவர் போனுக்கும் வந்துகொண்டிருந்தது. துவாலு நாட்டிலிருந்து வருஷத்துக்கு இருநூற்றெண்பது பேர். பெயர் விழுந்தால் குடும்பத்தோடு போய் அங்கேயே இருந்துவிடலாம். கடல் ஏறிக்கொண்டே வருகிற ஊரில், விண்ணப்பம் போடாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கைட்டுவுக்கு விழுந்துவிட்டது. அவர் பன்றிகளை யாருக்கு விற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"நீயும் வந்துடுடா. அங்க போய் நான் யார்கூட சண்டை போடுறது?"

பெனியேலி சிரித்து வைத்தான்.

போன பிப்ரவரிப் பெருக்கில் கடல் கரை தாண்டி வரவில்லை; தரைக்கு அடியிலிருந்து ஊறி வந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். இரண்டு பெண் குழந்தைகளும் இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கிழங்குக் குழியில் இருந்ததெல்லாம் அழுகிப் போயிற்று. அதற்குப் பிறகு மெல்போர்னில் இருக்கும் மனைவியின் அக்கா லுயிசா தினமும் கூப்பிட ஆரம்பித்தாள். குலுக்கலுக்கு எழுதிப் போடச் சொல்லி விடாமல் நச்சரித்தாள். அவன் மனைவி செலூதாவும் போட்டுவிடலாம் என்றாள். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அவன் போனில் விண்ணப்பத்தை நிரப்பினான். எல்லோரும் தூங்கி எழுந்ததும், அனுப்பியாகிவிட்டது என்று சொன்னான்.

அதிலிருந்து இரண்டு மாதமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லுயிசா அதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். அவனுக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் சொல்லியும் வைத்துவிட்டாள். சந்தித்தவர்கள் எல்லாம் போனை வாங்கிப் பார்க்கக் கேட்டார்கள். செலூதா மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. ஏமாற்றத்துக்குப் பயந்து கேட்காமல் இருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மதியத்தோடு வர வேண்டியதெல்லாம் வந்து முடிந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். லுயிசா போனில் அழுதாள். அடுத்த வருஷம் கட்டாயம் விழும் என்றாள். செலூதா அக்காவைச் சமாதானப்படுத்திவிட்டு அரிசி கழுவப் போனாள். தேங்காய்ப்பாலில் வெந்த சூரை மீனோடு பெனியேலி அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். தன்மேலேயே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பெரியவள், ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த இரண்டு கவுனையும் பையிலிருந்து எடுத்துப் பழையபடி அலமாரியில் மடித்து வைத்தாள். அதைப் பார்த்ததும் அவனால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வீட்டுக்குப் பின்னால், உப்பு ஏறாமலிருக்கக் கால் வைத்து உயர்த்திய மரப்பெட்டிகளில் செலூதா கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"செலூதா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அதை அனுப்பவே இல்லை."

அவள் நிமிரவில்லை.

"எல்லாம் எழுதிட்டேன். கடைசியில அனுப்புற பொத்தானை மட்டும் அமுக்கலை. அங்க ஆப்பிள் பறிக்கப் போனேன்ல, ஏழு மாசம்? ஒருத்தன்கூட என்னை நிறுத்தி, எங்கடா போறேன்னு கேட்கலை. இங்க லாரியை எடுத்தா பத்தடிக்கு ஒருத்தன் கேட்கிறான். அதை நினைச்சேன், விட்டுட்டேன். பிள்ளைங்க வாழ்க்கையைக் கெடுத்துட்டேனோன்னு பயமா இருக்கு. நீ என்ன வேணா திட்டு."

செலூதா குவளையைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வெகுநாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்தவள் போல மூச்சு விட்டாள்.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"நீ எழுதின மறுநாளே தெரியும். அக்காகிட்ட பேச உன் போனை எடுத்தேன். எல்லாம் எழுதி அப்படியே நின்னுச்சு. கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்துச்சு. இவன் என்ன இப்படிப் பண்ணிட்டான்னு ஆத்திரமா வந்துச்சு. சரி, நாமளே அமுக்கிடுவோம்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன்..."

"பத்து நாளும் நீ தூங்கினப்புறம் எடுத்து எடுத்துப் பார்த்தேன் பெனி," என்றாள் செலூதா. "எனக்கும் விரல் போகலை."