இடது உதட்டோரத்துச் செல்

ஒருத்தருடைய மூளைக்குள்ளே ஒரு செல் குடியிருந்தது. அவர் சிரிக்கும்போது இடது உதட்டோரத்தைத் தூக்கிவிடுவதுதான் அதன் வேலை. அந்த ஊரில் ஒரு வழக்கம்: யார் குரல் கொடுக்கிறார்களோ, அவர்கள் வாசலுக்குத்தான் ரத்தம் வரும்.

ஒருநாள் ஒரு ரத்தக்கட்டி வந்து அதன் தெருவை அடைத்துக்கொண்டது. செல்லுக்கு மூச்சு முட்டியது. மிச்சமிருந்த கொஞ்சம் மூச்சையும் கத்திச் செலவழித்தால் செத்துப்போக வேண்டியதுதான். அதனால் வாயை மூடிக்கொண்டு, உயிரை மட்டும் பிடித்துவைத்திருந்தது.

பக்கத்துச் சந்து வழியாக ஒரு சிவப்பணு மூச்சுக்காற்றைச் சுமந்துகொண்டு வந்தது.

"அந்த வீட்டுல ஆள் இருக்கா?"

"சத்தத்தையே காணோம். போய்ச் சேர்ந்திருக்கும், பாவம். நீங்க இங்கேயே இறக்குங்க," என்றது கண் இமையை அசைக்கிற பக்கத்து வீட்டு இமைச் செல்.

எல்லாமே உதட்டோரச் செல்லின் காதில் விழுந்தது. அப்போதும் அது வாய் திறக்கவில்லை.

பிறகு எங்கிருந்தோ மருந்து வந்து கட்டியைக் கரைத்தது. ரத்தம் வழக்கத்தையெல்லாம் பார்க்காமல் எல்லா வாசலிலும் புகுந்தது. செல் ஒரு வாய் குடித்தது. அவருடைய இடது உதட்டோரம் லேசாக அசைந்தது.

இமைச் செல்லுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடடே, நீ இருக்கியா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க எல்லாரும் உன்னைப் பத்தியேதான் பேசிக்கிட்டிருந்தோம்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றது செல். "யாராவது என் வாசல் வரைக்கும் வந்து பார்ப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."