மிஞ்சிய ஸ்க்ரூ

எகோன் உயிரோடு இருந்தவரை, கடையிலிருந்து பெட்டியில் தனித்தனிப் பாகங்களாக வரும் எந்த நாற்காலியைப் பூட்டினாலும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் கூடுதலா போட்டிருக்கான்" என்று சாதித்து, அதை ஜன்னல் விளக்கடியில் வைத்துவிடுவார். நாற்காலி இடப்பக்கம் ஆடும்.

அவர் போன பிறகு, அவர் மனைவி குன்வோர் ஸ்வீடனின் மால்மோ நகரில் ஓர் அறை வீட்டுக்குக் குடிவந்தாள். மகள் தூவா வந்து சுவருக்கு வெள்ளையடித்தாள், ஜன்னலில் விளக்கு வைத்தாள், வெளிர்மர நாற்காலிகள் இரண்டைப் பூட்டினாள்.

"இத்தனூண்டு வீட்டுக்கு ரெண்டு எதுக்கும்மா?"

"இருக்கட்டும்டி."

"எண்ணிப் பாத்துக்கோ. பதினாறு ஸ்க்ரூ, பதினாறும் உள்ள போயிடுச்சு. அப்பா மாதிரியா நான்?"

குன்வோர் உட்கார்ந்து பார்த்தாள். "ஆடவே இல்லையே" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

தூவா ஊருக்குக் கிளம்பிப் போனாள். மறுநாள் காலை காபியோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள் குன்வோர். அது இடப்பக்கம் ஆடியது. காபி சிந்தியது.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். இன்னும் ஏற்றாத விளக்கின் அடியில் ஒரு ஸ்க்ரூ இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் பலகை விரலைச் சில்லிடவைத்தது. ஸ்க்ரூ மட்டும், யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்ததுபோல, வெதுவெதுப்பாக இருந்தது.