எழுபத்தொரு கிலோமீட்டர்

"அஞ்சே வாரம்லா! புது பேட்டரி போட்டு அஞ்சே வாரம்! நல்ல காடின்னு நீங்க சொல்லித்தானே இந்தப் பழசை வாங்கினோம்? ஏமாத்த வேற ஆளே கிடைக்கலையா தம்பி உங்களுக்கு?"

நவமணி போட்ட சத்தம் ஜெலுத்தோங் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். கார் பட்டறையில் காத்திருந்த நாலைந்து பேரும் போனை மடியில் வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஹைதருக்குச் சுருக்கென்றது. பதினாறு வருஷமாகப் பட்டறை நடத்துகிறான். ஒருத்தரிடம்கூடக் கெட்ட பேர் வாங்கியதில்லை. இந்த அம்மா என்னடாவென்றால் நாக்கில் நரம்பில்லாமல் நாலு பேர் முன்னால் ஏமாற்றுக்காரன் என்கிறாள்!

"அக்கா, கோளாறு என்னன்னு முதல்ல பார்ப்போம். அப்புறம் திட்டுங்க."

"பார்க்க என்ன இருக்கு? தினமும் காலையில சாவியைத் திருகினா டக்கு டக்குன்னு சத்தம் மட்டும்தான். ஃப்ளாட்டுல உள்ளவங்க வந்து கேபிள் போட்டு எழுப்பி விடுறாங்க. மணி எட்டரை ஆச்சு, இன்னைக்கும் அவருக்கு வேலை லேட்டு!"

அவள் புருஷன் பழனியப்பன் சோற்றுப் பையைக் கையில் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "விடு நவமணி. புது பேட்டரி நாமளே வாங்கிக்கலாம்" என்றார் மெல்ல.

"நீங்க சும்மா இருங்க!"

ஹைதர் ஜன்னல் வழியே கையை விட்டு என்ஜினை ஓட விட்டு, பேட்டரியில் டெஸ்டரை வைத்தான். பதினாலு புள்ளி இரண்டு வோல்ட். விளக்கைப் போட்டும் எண் இறங்கவில்லை. பெல்ட்டும் இறுக்கமாக இருந்தது.

"பார்த்தீங்களா அக்கா? சார்ஜ் நல்லா ஏறுது."

பிறகு என்ஜினை அணைத்து, கேபிளைக் கழற்றி, நடுவில் டெஸ்டரை மாட்டினான். நிறுத்தி வைத்த காடி கரண்டைத் திருடுகிறதா என்று பார்த்தான். அதுவும் இல்லை.

"ஒயரிங்கும் சுத்தமா இருக்கு."

"அப்போ பேட்டரியை யாரு குடிச்சா? பேயா?"

அங்கிருந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். ஹைதருக்குக் காது சூடேறியது.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. என்ஜினை அணைச்சிட்டு ரேடியோ, ஃபேன் ஏதாச்சும் போட்டுக்கிட்டு..."

"அவரை ஏன் கேட்கிறீங்க?" நவமணி குறுக்கே வந்து நின்றாள். "ஏழு மணிக்குச் சோத்தை எடுத்துக்கிட்டு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போற மனுஷன், ராத்திரி ஏழுக்குத்தான் வீட்டுக்கு வர்றாரு. காடியில ஃபேனைப் போட்டுக்கிட்டு உட்கார அவருக்கு எங்க நேரம்? எதுவானாலும் என்கிட்ட பேசுங்க!"

போதும்டா சாமி என்றாகிவிட்டது ஹைதருக்கு. இவளுக்கு ஆதாரத்தைக் காட்டினால்தான் வாய் அடங்கும். எந்த பேட்டரி போட்டாலும் அன்றைய தேதியையும் காடி ஓடிய கிலோமீட்டரையும் அதன் தலையிலேயே வெள்ளை மார்க்கரில் எழுதிவிடுவது அவன் வழக்கம். இப்படி வம்புக்கு வருகிறவர்களுக்காகத்தான் அது.

"எல்லாரும் பாருங்க! நான் போட்ட அன்னைக்கு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூத்து இருபது. இன்னைக்கு எவ்வளவுன்னு பார்ப்போம்!"

கேபிளை மாட்டிவிட்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தான். சீட்டு வழக்கத்துக்கு மேல் பின்னால் சாய்ந்து கிடந்தது. சாவியை ஒரு திருகு திருகியதுமே, என்ஜின் எழும்பும் முன்பே ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது, ரேடியோ பாடத் தொடங்கியது.

மீட்டரைப் பார்த்தான். ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்று.

எழுபத்தொரு கிலோமீட்டர். அஞ்சு வாரத்துக்கும் சேர்த்து! பாயான் லெப்பாஸ் போய் வந்தால் ஒரு நாளைக்கே இருபதுக்கு மேல் ஆகுமே.

"அக்கா, அஞ்சு வாரத்துல இந்தக் காடி..." என்று வேகமாக ஆரம்பித்தவன் பழனியப்பனைப் பார்த்தான்.

அவருடைய வலது கை மட்டும் சட்டைக் கை வரைக்கும் வெயிலில் கறுத்திருந்தது. டிரைவர் சீட்டில் ஜன்னல் பக்கம் இருக்கும் கை. மனுஷன் ஹைதரையே பார்த்தார். வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது.

ஹைதருக்குப் புரிந்துவிட்டது. இவருக்கு வேலை போய் ஒரு மாசத்துக்கு மேலாகிறது. தினமும் எங்கேயோ பக்கத்தில் காடியை நிறுத்தி, பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து, பொழுது சாயும் வரை ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சோற்றை ஆசையாய்க் கட்டிக் கொடுக்கிற பெண்டாட்டிக்கு எதுவும் தெரியாது.

"கிலோமீட்டர் கணக்கெல்லாம் எனக்கெதுக்கு? பேட்டரியை மாத்துவீங்களா, மாட்டீங்களா?"

சொன்னால் அவன் பேர் தப்பிக்கும். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஹைதர் சாவியைத் திருப்பி எல்லாவற்றையும் அணைத்தான்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு அக்கா. பேட்டரிதான் மோசம். நல்லா பார்க்காம போட்டது என் தப்பு. வேற மாத்தித் தர்றேன், காசு வேணாம்."

"அப்படி வாங்க வழிக்கு! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

காத்திருந்தவர்களில் ஒருத்தர் உச்சுக் கொட்டினார். இன்னொருத்தர் தன் காடிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். ஹைதர் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஃபேக்டரிக்கு போன் பண்ணி லேட்டாகும்னு சொல்லிட்டு வர்றேன்" என்று பழனியப்பன் ரோட்டுப் பக்கம் நடந்தார்.

அவர் தூரமாகப் போகும் வரை பார்த்திருந்த நவமணி, ஹைதரின் அருகில் வந்தாள். இவ்வளவு நேரம் கத்திய அந்தக் குரலா இது என்று சந்தேகம் வரும்படி மெல்லச் சொன்னாள்:

"போடறதுதான் போடறீங்க, கொஞ்சம் பெரிய பேட்டரியா போட்டுடுங்க தம்பி. இந்த வெயில்ல நாள் பூரா அவருக்கு ஃபேன் ஓடணும்."