பெருநகர கிரெடிட்

"அம்பத்தூர்லயா இன்டர்ன்ஷிப் பண்ணுன, ஷாகிதா? வெளிமாநிலப் பெருநகரம்னு ரூல் இருக்கு. கிரெடிட் தர முடியாது" என்றார் துறைத்தலைவர்.

கிரெடிட் இல்லையென்றால் பட்டம் இல்லை. எங்கள் வீட்டில் அதை வாங்கப்போகும் முதல் ஆள் நான்.

"ஆறு மாசம் உழைச்சிருக்கேன் சார்."

"இதோ நிக்கிற ராகேஷைப் பாரு, பெங்களூர் போனான். என்னா மாதிரி ப்ராஜெக்ட்! யாருடா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"எல்லாம் போன்லதான் சார்" என்று ராகேஷ் நெளிந்தான்.

"நம்பர் குடு. அவரை வரவழைச்சு நம்ம பசங்களுக்கு ஒரு லெக்சர் வைக்கலாம்."

"வேணா சார், உட்டுடுங்க."

அவர் விடவில்லை. ராகேஷ் முனகிய எண்ணைத் தானே அழுத்தினார்.

என் பையில் மணி அடித்தது. எடுத்தேன்.

"சொல்லுங்க சார், ஷாகிதா பேசறேன். அந்த பெங்களூர் கம்பெனிக்கு வேலையெல்லாம் அம்பத்தூர் ஆபீஸ்லதான் நடக்குது. லெக்சர் என்னிக்கு வெச்சுக்கலாம்?"