திரும்பும் திசை

என் கணவர் ஆகிப் சிறிய விமானம் ஓட்டியவர். விமானத்தில் இருப்பது போன்ற வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி ஒன்றை வீட்டிலும் வைத்திருந்தார். அதன் வரைபடத்துக்காக எங்களுக்குள் ஓயாத சண்டை. நான் வடக்கை மேலே நிறுத்துவேன். அவர் போகிற திசை மேலே வரும்படி மாற்றிவிடுவார். அப்படி வைத்தால், நாம் திரும்பும்போதெல்லாம் வரைபடமும் சுழலும்.

"நீ மேப்பை செவுத்துல மாட்டி பாக்கற, ஃபைஸா. நான் அதுக்குள்ள பறந்துகினு கீறேன்" என்பார்.

2003இல் அவருடைய விமானம் மாமல்லபுரத்துக்குக் கிழக்கே கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நடத்தலாம் என்றார்கள் ஜமாஅத்தில். அவருடைய அம்மா பல மாதங்கள் மறுத்து, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமைக்குச் சம்மதித்தார்.

அன்று காலை கருவியை மேசையில் வைத்து இயக்கினேன். வழக்கம்போல வடக்கை மேலே நிறுத்தினேன். யாரும் தொடவில்லை. வரைபடம் சுழலத் தொடங்கியது. கடல் பக்கவாட்டில் நகர்ந்து கீழே போயிற்று.

"இன்னாம்மா காட்டுது?" என்று கேட்டார் மாமி.

"கடல் கீழ போய்டுச்சு மாமி. நம்ம ஊரு மேல கீது."

"அப்டின்னா?"

"இந்தப் பக்கம் திரும்பிட்டாரு."

மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பள்ளிவாசலுக்குப் போன் போட்டு, தொழுகை வேணாம்னு சொல்லிடு."

நான் எழுந்திருக்கவில்லை. வீடு என்று ஆகிப் குறித்து வைத்திருந்த புள்ளி, திரையின் உச்சியிலிருந்து, நடுவில் நின்ற சிறிய விமானக் குறியை நோக்கி மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தது.